பூஜை போட்ட பெட்டியைத் திறந்தவர்

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் பழம் வாங்கும்போது கடைக்காரர்தான் சொன்னார். "ஏனுங்க சார், நம்ம கணக்கு டீச்சர் மரகதம் காலமாயிட்டாங்களாமுங்க. சேலத்துல." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் ஆறவில்லை. அவரோடு ஒரே பள்ளியில் அறிவியல் நடத்தியவன், இன்றும் அங்கேயே நடத்துகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் அரசுப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஏற்காட்டுப் பனியில் கெட்டுவிடும் என்று தலைமையாசிரியர் அதற்கு உறை போட்டு, தனி அறையில் வைத்துப் பூட்டினார். டீச்சரோ கோடை விடுமுறையில் சேலத்தில் பயிற்சிக்குப் போய், அதில் வரைபடம் போடக் கற்று வந்திருந்தார். கரும்பலகையில் ஒரு கோடு வரைவதற்குள் மணி அடித்துவிடும். இதில் சமன்பாட்டின் எண்ணை மாற்றினால் கோடு உடனே சாய்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். அதற்காகச் சாவி கேட்டுக் கேட்டு அலுத்தார். "ரிப்பேர் ஆனா யாரு பதில் சொல்றதுங்க?" என்பார் தலைமையாசிரியர். "பெட்டி யாருக்கு வந்துச்சுங்க? பிள்ளைங்களுக்கா, பூட்டுக்கா?" என்பார் டீச்சர்.

ஆயுத பூஜைக்கு மட்டும் அறை திறக்கும். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஒரு வருஷம் யாரோ பக்தி முற்றி, பிளாப்பி போடும் வாயிலேயே சந்தனத்தை அப்பிவிட்டார். பொரிகடலை கொடுத்து முடிந்து தலைமையாசிரியர் பூட்டை எடுத்ததும் டீச்சர் குறுக்கே நின்றார். "பூஜைக்கு வெச்சதை மறுநாள் எடுத்து வேலை செய்யோணுமில்லீங்க? தறிக்காரர் தறி ஓட்டறார், டிரைவர் பஸ்ஸை எடுக்கறார். இது மட்டும் உள்ளயே கெடந்தா சாமிக்கு அடுக்குமாங்க?" அத்தனை பேர் எதிரில் அவரால் மறுக்க முடியவில்லை. தலையாட்டினார்.

மறுநாள் விஜயதசமி. விடுமுறைதான், ஆனாலும் மலைக் கிராமங்களிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நடந்தே வந்துவிட்டார்கள். டீச்சர் ஊக்கு நுனியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே தலைமையாசிரியரைத் திட்டினார். சிரித்த எனக்கும் விழுந்தது. பிறகு, சாமை விளைவிக்கும் வீட்டுப் பெண் ஒருத்தியை முன்னால் உட்கார வைத்தார். "நீ தட்டு கண்ணு, ஒடஞ்சா நான் பாத்துக்கறேன்." அவள் எண்ணைப் பெரிதாக்கினாள். திரையில் கோடு விறுவிறுவென்று நிமிர்ந்தது. "டீச்சர், சேர்வராயன் கோயிலுக்கு ஏறற மாதிரி இருக்குதுங்க!" என்று கத்தினாள். சாய்வு என்றால் என்ன என்று அந்த வகுப்புக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? தலையாட்டிய அதே மனிதர், அனுமதியின்றி அரசுப் பொருளைக் கையாண்டதாக மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். டீச்சருக்கு அடிவாரத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. பெட்டி மறுபடி உறைக்குள் போய், யாரும் தொடாமலே கெட்டது. தொட்டால் கெடும் என்றவர்களுக்கு அப்போதாவது வெட்கம் வந்திருக்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம். எழுதிப் போட்டவரும் வந்திருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். "நம்ம பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டரைத் தொட்ட மொத ஆளு டீச்சர்தானுங்க" என்று பெருமையாகப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிதாக வந்து, இன்னும் உறை பிரிக்காத கம்ப்யூட்டர்கள் இருக்கும் அறையில் டீச்சரின் படத்தை மாட்டினார்கள். சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். பிறகு கதவைப் பூட்டச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்தார்கள்.

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. டீச்சரின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அதைத்தான். திங்கட்கிழமை, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடவேளைக்கு அந்த அறை திறந்திருக்கும். விளக்கம் கேட்பவர்கள் என்னிடம் கேட்கட்டும்.