மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர்

ஹரோ நகரில் உள்ளூராட்சிக் கவுன்சில் கூட்டிய கூட்டத்தில்தான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். துப்புரவுக் கொம்பனி நடத்துபவர். என்னைப் போலவே கவுன்சிலுக்கு டெண்டர் போட்டுப் போட்டுத் தோற்றவர். கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட். கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து மேசையைத் துடைத்த பிறகே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒப்பந்தங்களில் சிறுபான்மை இனத்தவரின் நிறுவனங்களுக்கு முன்னுரிமை தரலாமா என்பதே அன்றைய பேச்சு. நியாயம் என்று சிலரும் அநியாயம் என்று சிலரும் சத்தம் போட்டார்கள்.

இடைவேளையில் வெள்ளைக்காரர்களின் பெரிய கொம்பனி ஒன்றின் மனேஜர், எங்கள் தமிழ் ஆள்தான், வந்து தன் விசிட்டிங் கார்டை அவர் முன் மேசையில் வைத்தார்.

"அக்கா, இந்த முன்னுரிமை வந்தால் உங்கட பேரில டெண்டர் போடுவம். பேருக்கு நீங்கள் முதலாளி. வேலையெல்லாம் நாங்கள் பாப்பம்."

"நான் முதலாளியோ?"

"ஓம் அக்கா."

"அப்ப திங்கக்கிழமை காலமை உங்கட ஆக்கள் எல்லாரையும் என்னட்ட அனுப்புங்கோ. ஆரை வச்சிருக்கிறது, ஆரை நிப்பாட்டுறது எண்டு நான் சொல்லுறன். உங்களிலயிருந்து துவங்குவம்."

மனேஜர் சிரித்தார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

"தம்பி, முன்னுரிமை சரியோ பிழையோ, சத்தம் போடுற ஆக்கள் கதைச்சு முடிக்கட்டும். என்ர தோலை வாடகைக்கு விட ஏலாது."

மனேஜர் நழுவியதும் அவர் இன்னொரு டிஷ்யூ எடுத்தார். கார்டைத் தூக்கி, அது கிடந்த இடத்தைத் துடைத்தார். யாரும் சொல்லாமலே நான் என் முழங்கைகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.