மிச்சத்தை எங்கே வைப்பது

முப்பத்து மூன்று வயதுவரை எனக்கு வகுத்தல் தெரியாது. நான்காம் வகுப்பில் அது நடந்த நாட்களில் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். திரும்பிப் போனபோது வகுப்பு பின்னத்தில் நின்றது. எனக்காக யாரும் பின்னால் நடக்கவில்லை.

ஒரகடத்தில், காருக்கு ரப்பர் புஷ் என்னும் வளையம் செய்யும் கம்பெனியின் பேக்கிங் மேசையில்தான் அது என் கைக்கு வந்தது. ஒரு ட்ரேயில் பன்னிரண்டு குழி. நிரம்பினால் மூடு, தள்ளு, அடுத்தது. நிரம்பாத ட்ரேயை அனுப்பக் கூடாது. ஷிப்ட் முடியும்போது மிஞ்சியதை லூஸ் டப்பாவில் போட்டு, எத்தனை என்று சீட்டு எழுதி மேலே வைக்க வேண்டும். அடுத்த ஷிப்ட் அந்த மிச்சத்திலிருந்துதான் தன் முதல் ட்ரேயைத் தொடங்கும். எதுவும் அநாதையாகக் கிடக்காது. வகுத்தல் என்றால் இதுதான் என்று இருந்துவிட்டேன்.

எங்களுக்கு இரண்டே ஷிப்ட். நான் எப்போதும் இரண்டாவது. மதியம் இரண்டு மணிக்கு நான் நுழையும்போது முதல் ஷிப்ட் ஆட்கள் பின்வாசலில் பஸ் ஏறியிருப்பார்கள். மேசையில் சீட்டு மட்டும் இருக்கும். ‘லூஸ் 7.’ அந்த ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. ஆணா, பெண்ணா, எந்த ஊர்? தெரியாது. முடிக்கும்போது பதிலுக்கு என் எண்ணை எழுதி வைப்பேன். பல நாட்களில் கம்பெனிக்குள் நான் இன்னொரு மனுஷருக்குச் சொன்னது அந்த ஒரு எண்தான்.

வல்லக்கோட்டையில் அறை. கூட இருந்த மூன்று பேரும் என்னைப்போலத் தெற்கத்திக்காரர்கள், வேறு வேறு கம்பெனிகளில் ஜெனரல் ஷிப்ட். சாயங்காலம் ஏழரைக்குச் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் வரும்போது தூங்கியிருப்பார்கள், என் சோறு மூடியிருக்கும். காலையில் அவர்கள் குளித்துக் கிளம்பும் அரைமணி நேரம்தான் எங்களுக்குள் பேச்சு.

அந்தச் சமயத்தில் ஸ்டோர்ஸில் ஒரு இடம் காலியானது. ஜெனரல் ஷிப்ட். ஐந்து வகுத்தல் கணக்கு போட்டால் போதும் என்றார்கள்.

“ஏலே, ஒழுங்கா எழுதிட்டு வா. இனிமே நாலு தட்டாப் போட்டுச் சாப்பிடலாம்லா,” என்றான் மூவரில் ஒருவன். எனக்கு வேண்டியிருந்ததும் அந்த நாலாவது தட்டுதான்.

தாளில் ‘ஈவு’, ‘மீதி’ என்று இரண்டு கட்டம். ஈவு என்றால் இரக்கத்தின் ஜோடி என்று மட்டுமே அதுவரை தெரியும். ‘ஈவு இரக்கம் இல்லாதவன்’ என்று திட்டுவார்களே, அது. எல்லாம் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். நூறு: எட்டு, மீதி நான்கு. அடுத்தது எழுபத்தைந்து. கையில் இருந்த நான்கைச் சேர்த்து எழுபத்தொன்பதாக்கினேன்: ஆறு, மீதி ஏழு. அடுத்தது அறுபத்தைந்து. ஏழைச் சேர்த்தால் எழுபத்திரண்டு. சரியாக ஆறு ட்ரே, மிச்சமே இல்லை. மனசு குளிர்ந்துபோயிற்று. அதே ஜோரில் மற்ற இரண்டு கணக்கையும் முடித்தேன்.

பிள்ளைப்பாக்கத்துக்கார சூப்பர்வைசர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாபா இது? மொதலும் நாலாவதும் ரைட்டு. மத்ததெல்லாம் புட்டுக்கினு கீது?”

“மிச்சத்த அடுத்ததுல சேத்துட்டேன் சார்.”

“எதுக்கு?”

“பின்ன எங்க சார் வைக்கது?”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லைன் திரும்பியது. “யோவ், இது கணக்கு பேப்பரு, லூஸ் டப்பா இல்ல. ஒவ்வொரு கணக்கும் தனித்தனி வூடுய்யா. அந்த வூட்டு மிச்சம் அந்த வூட்லயே கெடக்கும். பக்கத்து வூட்டுக்கு இன்னா வந்துச்சு?”

நல்ல மனுஷர். திங்கட்கிழமை இன்னொரு தடவை எழுதச் சொன்னார். அன்று வேறு ஐந்து கணக்கு. ஒவ்வொரு மீதியையும் அதனதன் கட்டத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனேன். ஐந்தும் சரி. நான்காம் வகுப்பில் விட்டது முப்பத்து மூன்றில் பிடிபட்டது. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பேக்கிங்கில் கடைசி நாள். பெல் அடிக்கும்போது கடைசி ட்ரேயின் பன்னிரண்டாவது குழியும் நிரம்பியிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன், ஒன்றாவது உருண்டு போயிருக்காதா என்று. இல்லை. மிச்சம் இல்லாவிட்டாலும் சீட்டு எழுத வேண்டும் என்பது விதி. ‘லூஸ் 0.’ நாளை முதல் நான் இல்லை என்று கீழே எழுதலாமா? யாருக்கென்று எழுதுவது? காலி டப்பாவின் மேல் சீட்டை வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஏழரைக்கு நாலு தட்டு. சோறு சரியாகப் பங்காயிற்று, சட்டியில் ஒரு பருக்கை இல்லை. மூன்று பேரும் பேசினார்கள். முந்தின நாள் பாதியில் நின்ற பேச்சு. “அப்புறம் அவன் என்னதாம்ல சொன்னான்?” என்றான் ஒருவன். எவன் என்று எனக்குத் தெரியாது. மற்ற இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்று காலை ஆறு மணிக்கு, ஏழுக்குக் குறுக்குக் கோடு போடும் அந்தக் கை என் சீட்டை எடுத்திருக்கும். சுழியைப் பார்த்திருக்கும். வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பியிருக்குமா? சோற்றைப் பிசைந்துகொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.