ஆரஞ்சு நிற உருவம்

இதைப் படித்துவிட்டு எனக்குக் கிறுக்கு என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். அதுவும் நடு ராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், ஒரு சனிக்கிழமை 12.10 மணிக்கு.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது என் வேலை. பதினோரு வருட அனுபவம். எனக்கு ரொம்பப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். நோயாளிகள் அவளுக்கு 'கைராசி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். என்னை வாய் நிறைய "அண்ணா" என்பாள். அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எல்லாம் டிரைவர் சாரால் வந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வலது கை விழுந்துவிட்டது. மூன்று மாதம் அந்தக் கையை நான் நீவி, மடக்கி, நீட்டி, என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். கை இம்மிகூட அசையவில்லை. அப்போதுதான் அவள் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தாள்.

அதில் பட்டனே கிடையாது. கேமரா உடம்பைப் பார்க்கும், மைக் குரலைக் கேட்கும். முன்னால் உட்கார்ந்தால் திரையில் உங்கள் உருவம் நீலமாகத் தெரியும். கூட இன்னொருவர் வந்தால் அவர் ஆரஞ்சு. மேலேயிருந்து பந்து விழும், கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விரல் மடங்காத மனிதர் வேறு எதை விளையாட முடியும்? டிரைவர் சார் சின்னப் பிள்ளையாகிவிட்டார். அவள் அவர் முழங்கைக்கு அடியில் இரண்டே இரண்டு விரலை வைத்து, "மேலே... மேலே... மறுபடியும்" என்பாள். எட்டே நாளில் கை மார்பு வரை வந்தது!

"மூணு மாசம் நானும் பிடிச்சேனே சார்?" என்று கேட்டேன்.

"உங்க கை வேற தம்பி. அந்தம்மா கை வேற."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெட்டி அவள் பேச்சைத்தான் கேட்கும். தொடங்கு, மேலே, மறுபடியும், நிறுத்து. இந்த நான்கு சொற்களையும் தன் குரலில் அதற்குப் பழக்கி வைத்திருந்தாள். கேட்ட சொல் திரையின் அடியில் சின்ன எழுத்தில் வரும்.

சனிக்கிழமை பெரிய டாக்டர் டிரைவர் சாரின் கையைப் பரிசோதிக்க வருவதாக ஏற்பாடு. திருப்தி என்றால், புதிதாகக் கட்டிய கேம் அறைக்கு யார் பொறுப்பு என்று அங்கேயே சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. போனில் செய்தி மட்டும் வந்தது. "காய்ச்சல்ண்ணா. டிரைவர் சாரைப் பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம், பெட்டியின் முன்னால் நின்று அவள் குரலைத் தேடி எடுத்தேன். 'இந்தக் குரலை அழிக்கவா?' என்று கேட்டது. 'ஆம்' என்ற கட்டத்தை நோக்கிக் கையை நீட்டினேன். பிறகு என் குரலைப் பழக்கினேன். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை 12.10. டிரைவர் சார் நாற்காலியில். பெரிய டாக்டர், கை எவ்வளவு தூரம் தூக்குகிறது என்று அளக்கும் கோணமானியோடு பக்கத்தில். நான் கதவருகில்.

"தொடங்கு" என்றேன்.

பெட்டி அசையவில்லை.

"தொடங்கு!"

ஒன்றுமில்லை. அப்போது திரையின் அடியில் அந்தச் சொல் வந்தது. 'தொடங்கு'.

இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை.

நீல உருவம் வந்தது. அதன் பின்னால்... ஆரஞ்சு உருவம்.

"கேமராவுல விழறீங்க. தள்ளி நில்லுங்க" என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடியே.

நான் ஆறடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆரஞ்சு உருவம் குனிந்தது. நீல முழங்கைக்கு அடியில் கையை வைத்தது. இரண்டு விரல்.

'மேலே'.

அறையில் சத்தமே இல்லை. எழுத்து மட்டும் வந்தது.

'மேலே'.

கை மார்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது...

"விரலை எடுத்துடாதீங்கம்மா" என்றார் டிரைவர் சார். சிரித்தார்.

'மறுபடியும்'.

'மறுபடியும்'.

'நிறுத்து'.

திரை அணைந்தது. கை மடியில் விழுந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 12.22.

"பிரமாதமா கொண்டுவந்திருக்கீங்க. ரூமை நீங்களே பாத்துக்குங்க" என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். நான் தலையாட்டினேன். ஆமாம், வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

ஒரு மணிக்கு அவள் தம்பி போன் செய்தான். அழுதான்.

"அக்கா போயிட்டா சார்."

"காய்ச்சல்னுதானே சொன்னா?"

"காய்ச்சல்தான் சார். ஆஸ்பத்திரியில நினைவே இல்லாம கிடந்தா. பன்னெண்டு மணிக்கு மேல திடீர்னு வலது கையில ரெண்டு விரல் மட்டும் அசைஞ்சுது. எதையோ தூக்கிவிடற மாதிரி... மேல, மேலன்னு. பன்னெண்டு இருபத்திரெண்டுக்கு நின்னுடுச்சு."



"கடைசியா ஏதாவது பேசினாளா?"

"இல்ல சார். நேத்து நல்லாத்தான் பேசிட்டிருந்தா. பேசிட்டிருக்கும்போதே குரல் போயிடுச்சு. வாய் அசையுது, சத்தம் வரல. அதுக்கப்புறம்தான் நினைவு தப்புச்சு."

"எத்தனை மணிக்கு?"

சொன்னான்.

பெட்டியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அழித்த நேரம் அதில் பதிவாகியிருந்தது.

வெள்ளி, மாலை 4.15.

அவன் சொன்னதும் அதேதான்.

கேம் அறை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. டிரைவர் சார் இன்னும் வருகிறார். முழங்கையைப் பிடிக்கப் போனால் என் கையைத் தள்ளிவிடுகிறார்.

"நீங்க எதுக்கு தம்பி? அதான் அந்தம்மா பிடிச்சிருக்காங்களே."

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்... பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் எனக்கு இன்னும் அதிகம்.