இருகை விரித்தால் நின்றவள்

அச்சமுடைமை ஓர் அறம். பெண்ணுக்கு அணியென்று பழைய நூல்கள் வகுத்துவைத்த அச்சம் அன்று; கண் தாழ்த்திக் குரலடக்கிக் கதவின்பின் நிற்கச் செய்வது வேறு. தன் கையசைவில் பிறர் உயிர் தொங்குகிறது என்று அறிந்தவர் நெஞ்சில் உறங்காதிருக்கும் நடுக்கம் ஒன்று உண்டு. அதனை ஒருநாளும் உதறாது சுமந்தவள் இவள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். நூற்றுப் பதினெட்டுப் படிகள் ஏறி உச்சிக் கூண்டில் அமர்வதால், கீழிருந்தவர்கள் அவளுக்கு இட்ட பெயர் 'மேலிடம்'.

முதலில் அது அன்பான கேலியாகவே இருந்தது. "மேலிடத்து உத்தரவு வந்தாச்சா? பெட்டியத் தூக்கலாமா?" என்பார்கள். "மனுவக் குடுத்துட்டு வரிசையில நில்லுங்க" என்று அவளும் வயர்லெஸ்ஸில் சொல்வாள். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன.

கப்பல் வரத்துக் குறைந்த ஆண்டில் பேச்சு மாறியது. ஆண்களின் பிழைப்பைப் பெண்கள் பறித்துக்கொண்டனர் என்ற சொல் உணவுக்கூடத்தில் பிறந்து, சுவரொட்டியாகி, நானூறு கையெழுத்துடைய மனுவாயிற்று. பெண்களை எந்திரங்களினின்றும் இறக்கவேண்டும் என்பதே மனு. கப்பலில் வந்தவர்களும் தத்தம் நாட்டில் இதே கூச்சல்தான் என்றனர். சில துறைமுகங்களில் இறக்கியே விட்டார்களாம். ஏழு பெண்களில் நால்வர் தாமே எழுத்து வேலைக்கு மாறிக்கொண்டனர். இவள் உள்ளிட்ட எஞ்சிய மூவரின் இருக்கை நிலைக்குமா என்பதை நிர்வாகக் குழு வெள்ளிக்கிழமை விசாரித்து முடிவுசெய்யும் என அறிவிப்பு வந்தது. இடையே பத்து நாள்.

மனுவின் முதற் கையெழுத்து 'மீசை' என்பவனுடையது. இறங்கும் சரக்குப் பெட்டிகளின் அடிமூலைப் பூட்டுகளைக் கழற்றும் குழுவுக்கு அவன் தலைவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பனான அவன் தம்பியும் அதே குழுவில் இருந்தான்.

கிரேன் தொழிலில் ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு, நகர்த்து என்னும் சைகைகளைச் சைகைக்காரன் என்று நியமித்த ஓர் ஆள் மட்டுமே காட்டவேண்டும். இரு கைகளையும் அகல விரித்தால் 'நிறுத்து' என்று பொருள். அதை மட்டும் எவர் காட்டினாலும் நின்றாக வேண்டும். பெட்டி தாழத் தாழத் தன் அடியிலிருப்பதைத் தானே மறைத்துவிடும். கூண்டின் கண்ணாடித் தரைவழியே எத்துணை உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஆகவே அந்த விதி.

மீசையின் ஆட்கள் அவ்விதியையே கருவியாக்கினர். பெட்டி இறங்கும்போதெல்லாம் எவனாவது ஒருவன் கை விரிப்பான். அவள் நிறுத்துவாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிடுவான், கீழே சிரிப்பெழும். மணிக்கு இருபத்துநான்கு பெட்டி இறக்கியவள் பதினொன்றுக்கு வந்தாள். அந்தக் கணக்கைத்தான் நிர்வாகக் குழுவின்முன் வைக்கப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் நல்லவர், அவர் சொன்ன யோசனைதான் அவளை மேலும் நடுங்கவைத்தது.

"ஏம்மா, அவனுங்க விளையாடுறானுங்க. நீ பாட்டுக்கு இறக்கு. நான் பாத்துக்கறேன்."

"பெட்டிக்கு அடியில யாரும் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"யாரு இருக்கப்போறா?"

"அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். இறக்குறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "உங்க பொண்ணுக்கு மூணரைக்குத்தானே ஸ்கூல் விடும்?" அவ்வளவுதான், மரியாதையான குரல்.

குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் அவள் கணவன், "விட்டுடேன்டி. ஆபீஸ்ல உக்காந்து எழுதினா என்ன, விரலா தேஞ்சிடும்?" என்றான்.

"இன்னிக்கு என்னய இறங்கச் சொல்றாங்க. நாளைக்கு இவள ஸ்கூலுக்கு எதுக்குன்னு கேப்பாங்க. அப்ப எங்க போய் உக்கார?"

மறுநாள் முதல் அவன் மூன்று மணிக்கே பள்ளி வாயிலில் போய் நின்றான்.

அவளுடைய பெரிய அச்சம் இவை எதுவுமன்று. நாளொன்றுக்கு முப்பது முறை ஏமாந்து நிறுத்தும் கை, ஒருமுறை நிறுத்த மறுத்துவிட்டால்? படியேறும்போதெல்லாம் தன் வலக்கையை அயலார் கையைப்போல் பார்த்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் உச்சிவெயில். பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. மீசையே முன்வந்து இரு கைகளையும் விரித்தான். அன்றைக்கு அது இருபத்தேழாவது. 'இவனா' என்ற எண்ணம் எழுந்தது. எழுந்த அந்த அரை மூச்சளவு நேரம் நெம்புகோல் அசையவில்லை. பெட்டி இன்னும் ஒரு முழம் இறங்கிற்று. பிறகே கை தன்னையறியாமல் இழுத்தது. பெட்டி ஆடி நின்றது.

சிரிப்பு எழவில்லை. வயர்லெஸ்ஸில் மீசையின் குரல் உடைந்து வந்தது. "அக்கா, இறக்காதீங்க! தம்பி அடியில இருக்கான். பூட்டு எடுக்கப் போனவன், கால் மாட்டிக்கிச்சு. தூக்குங்கக்கா, தூக்குங்க!"

"தூக்கச் சொல்ல வேண்டியவரு கை காட்டட்டும்" என்றாள். சைகைக்காரன் ஓடிவந்து காட்டும்வரை விரலும் அசைக்கவில்லை. காட்டியபின் தூக்கினாள். பெட்டிக்கும் தம்பியின் முதுகுக்கும் இடையே ஒரு சாண் இருந்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை. நீண்ட மேசைக்கு அப்பால் நிர்வாகக் குழுவினர் ஐவர். பின்னிருக்கைகள் நிரம்ப ஆண்கள். தலைவர் கேட்டார்: "நிறுத்தச் சொல்லி நீங்க நிறுத்தாம விட்டது உண்டா?"

இல்லையென்று சொன்னால் தப்பிவிடலாம், அரை மூச்சை எவர் அளந்தார்? உண்டென்றால் இருக்கை போய்விடலாம். அவளோடு மற்ற இரு பெண்களுக்கும் சேர்த்து.

"ஒரு தடவ தாமதிச்சேன்யா. அரை மூச்சு. ஒரு முழம் இறங்கிடுச்சு. பொய்க்கை காட்டிக் காட்டி என் கையையும் பொய்யாக்கப் பாத்தாங்க. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா ஆக்கியிருப்பாங்க."

பின்னிருக்கைகளில் கூச்சல் எழுந்தது. "ஒத்துக்கிட்டா பாருங்க!" என்றான் ஒருவன். தலைவர் கையமர்த்தி மீசையை நோக்கினார். "பொய்யாக் காட்டினீங்களா?"

நானூறு கையெழுத்தும் அவன் முதுகையே பார்த்தன. அவன் தரையைப் பார்த்தான்.

"காட்டினோம்."

மனு தள்ளுபடியாயிற்று. பொய்ச் சைகை காட்டுபவருக்கு இனி வேலை இல்லை என்றும் எழுதினார்கள். மீசை தன் கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை, நன்றியும் சொல்லவில்லை. சுவரொட்டிகள் கிழியாமல் இருக்கின்றன. புதிய மனுவுக்குத் தாள் சுற்றுவதாகவும் கேள்வி. வீட்டு வாயிலில் எவரேனும் நின்றால் அவள் நடை இன்றும் தளர்கிறது. ஆயினும் நாள்தோறும் ஏறுகிறாள், அஞ்சிக்கொண்டே ஏறுகிறாள்.

அவ்வில்லத்து வாயிலை நலம் நாடி வருவோரே மிதிக்க. அங்கே உலை காயாதிருக்க. வெளியே போனவர் மூவரும் பொழுது சாயுமுன் ஒருங்கே திரும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு உண்க. அம்மகள் விரும்பிய உயரம் ஏறுக. எங்கும் நிறைந்த அருள் அவர்கள் கூரைக்கு மேல் கூரையாகக் கவிந்து காக்க.