வியட்நாம் ஏணி

மிளகு விலை சரியும்போதெல்லாம் எங்கள் மலையூரான வாழவந்தி நாட்டில் அப்பா, மலிவாக மிளகு அனுப்பும் வியட்நாமைத்தான் திட்டுவார். அந்தக் கோபத்தோடுதான் நானும் ஜெர்மனிக்குப் படிக்கப் போனேன்.

சர்வதேச அரசியல் வகுப்பில் மிளகு இறக்குமதி பற்றி ஒரு விவாதம். இந்தியாவுக்கு எதிராக, வியட்நாம் தரப்பில் பேசும்படி எனக்குச் சீட்டு விழுந்தது. மாற்றித் தரக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். வேண்டாவெறுப்பாக, வியட்நாமிலிருந்து வந்திருந்த தோழி லானிடம் விவரம் கேட்டேன். அவள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். மூன்று கால் ஏணியில் நின்று அவள் அப்பா மிளகு பறித்துக்கொண்டிருந்தார். என் அப்பாவைப் போலவே இடுப்பில் சாக்கு, வெடித்த குதிகால். இவரையா இத்தனை வருஷம் திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவருக்காகப் பேசினேன். ஜெயித்தேன்.

படத்தை அனுப்பிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ, "ஏணிக்கு மூணு காலா கண்ணு? அப்பக் கீழ புடிக்க ஆளே வேண்டாமே" என்றார். அவருடைய ஒற்றை மூங்கில் ஏணியை எப்போதும் பிடித்தவள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

விடுமுறைக்கு வந்தபோது, படத்தைப் பார்த்து அப்பாவே செய்த மூன்று கால் ஏணி எங்கள் தோட்டத்தில் நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர், "ஏனுங்க, அந்த வியட்நாம் ஏணியக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

"பாத்து எடுத்துட்டுப் போங்க. எம்புள்ள ஜெயிச்சுக் கொண்டாந்ததுங்க அது" என்றார் அப்பா.

பின்னாளில் பட்டம் வாங்கிய மேடையில்கூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.