மலை போட்ட காலத்துக் குளம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை சாத்துவதற்கு முன்னால் யோகட் பிரிட்ஜைக் கழுவித் துடைப்பது நஸீபின் வேலை. திகனயில் இருக்கும் அந்தப் பலசரக்குக் கடையில் வேறு எதையும் வேலையாட்கள் தொடலாம். பிரிட்ஜின் அடித்தட்டை மட்டும் தொடக்கூடாது. அங்கே பொலித்தீன் சுற்றிய நீளக் குழாய்கள் கிடக்கின்றன. உள்ளே இருப்பது சேறு. தெல்தோட்டைக்கு மேலே ஒரு குளத்தின் அடியிலிருந்து அவர் மனைவி பாயிஸா எடுத்து வந்த சேறு. மின்வெட்டுக் காலத்தில் பல்கலைக்கழகத்துக் குளிரறை பழுதானது. ஜெனரேட்டர் உள்ள இடம் என்று குழாய்களைக் கடைக்குக் கொண்டுவந்தார். அவை அங்கேயே தங்கிவிட்டன.

"என்ன முதலாளி, மண்ணும் விக்கத் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

"விக்கிறதுதான். கிலோ கணக்குல இல்ல, வருஷக் கணக்குல," என்பார் நஸீப்.

அதில் பொய்யில்லை. குளத்தின் அடியில் சேறு வருஷா வருஷம் படிகிறது. சுற்றியுள்ள மரமும் புல்லும் உதிர்த்த மகரந்தம் அதற்குள் அடங்கிப்போகிறது. இலை அழுகும், மரம் அழுகும், மகரந்தத்தின் மேலோடு மட்டும் அழுகாது. சேற்றைத் துண்டு துண்டாக வெட்டி, அமிலத்தில் அவித்து, சலித்து, நுணுக்குக்காட்டியில் வைத்தால் எந்தக் காலத்தில் எது முளைத்திருந்தது என்று படிக்கலாம். புல்லின் மகரந்தம் உருண்டை, அதில் ஒரே ஒரு துளை. காட்டு நாவலுடையது சின்ன முக்கோணம். ஒரு கண்ணாடித் தட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். சந்தேகம் வந்தால் பாயிஸா தட்டை முதலிலிருந்து எண்ணுவார். அவருடைய கழுத்து நிரந்தரமாக ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

கல்யாணத்தோடு விட்ட படிப்பு அது. பிள்ளைகள் பெரிய வகுப்புகளுக்குப் போன பிறகு, நாற்பதை நெருங்கும்போது, திரும்பப் போய்ப் பதிந்தார். தெல்தோட்டைக் குளம் அவருக்கு ஒரு நல்ல கதையைக் கொடுத்தது: அடியில் காடு, அதற்கு மேலே சட்டென்று புல். வயது பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பிய அடிச்சேறு நாலாயிரம் வருஷப் பழசு என்று முடிவு வந்தது. அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே இந்த உயரத்தில் மனிதர்கள் காட்டை அழித்திருக்கிறார்கள். மேற்பார்வையாளர் பேராசிரியர் அர்கத்துக்கு மிகுந்த சந்தோஷம். ஆய்வேடு முடிந்தது. கலாநிதிப் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வு ஒன்றே மிச்சம்.

படங்களைச் சரிபார்க்கப் பழைய தட்டு ஒன்றை எடுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முக்கோணம்தான், ஆனால் நாவலைவிட இரண்டு மடங்கு பெரிது, மூலைகள் பருத்திருந்தன. தேயிலைக்கு நிழலாக நடுகிற, தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரத்தின் மகரந்தம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவுக்கு வந்த மரத்துக்கு நாலாயிரம் வருஷச் சேற்றில் என்ன வேலை? ஒன்றே ஒன்று என்றால் ஜன்னலால் வந்த தூசி என்று விட்டுவிடலாம். பாயிஸா கடைக்கு வந்து, குழாயின் நடுவிலிருந்து புதிதாக வெட்டி எடுத்துப்போய் அவித்துப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. இன்னும் கீழே வெட்டினார். அங்கேயும் இருந்தது.

மறுநாள் தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினார். கொழுந்து பறிக்கும் வேலாயிதான் முதல் வருஷம் குளத்துக்கு வழி காட்டி, தெப்பத்தின் கயிற்றையும் பிடித்தவர். அன்றைக்கு, இந்தக் குளம் எப்போதிருந்து இருக்கிறது என்று பாயிஸா கேட்டதற்கு, "மலை போட்ட நாள்லேருந்து இருக்கு மிஸ்," என்று சொல்லியிருந்தார். பாயிஸாவின் மனசுக்கு அது நிறைவாக இருந்தது. இயற்கையான பழங்குளம் என்று எடுத்துக்கொண்டார்.

இந்த முறை வேறு மாதிரிக் கேட்டார்.

"வேலாயி, மலைய போட்டது யாரு?"

"தொரைதான். வேற யாரு?"

"தொரையா?"

"கோப்பி பட்டுப்போனப்பறம் தேயில போட்டாங்கல்ல, இந்த மலை. ஏழாம் நம்பரு. நாத்துக்குத் தண்ணி வேணும்னு அப்பதான் பள்ளத்த அணைகட்டி மறிச்சாங்களாம்."

தோட்டத்தில் மலை என்றால் தேயிலைக் காணி. மலைக்குப் போகிறோம் என்றால் வேலைக்குப் போகிறோம். கண்டிக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசி வளர்ந்த பாயிஸாவுக்கு மலை என்றால் மலைதான்.

"நான் அல்லாஹ் போட்ட மலைன்டு நெனச்சன்," என்றார்.

வேலாயி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "அல்லா போட்ட மலைக்கு நம்பரு போடுவாங்களா மிஸ்?"

பாயிஸாவும் சிரித்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது மற்றதும் விளங்கியது. தேயிலைக்காக வெட்டி வெறுமையாக்கிய சரிவிலிருந்து பழைய காட்டு மண் புதிய குளத்துக்குள் வழிந்திருக்கிறது. நாலாயிரம் வருஷம் அந்த மண்ணின் வயது, குளத்தின் வயது அல்ல.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் நஸீப் விசாரித்தது பிரிட்ஜைப் பற்றித்தான். "அப்ப பிரிட்ஜ் எனக்குத்தானே?"

"இல்ல. இன்னும் குழாய் வரும்."

"யோகட்ட எங்க வெக்க?"

"மேல்தட்டுல."

திங்கட்கிழமை பேராதனையில் அர்கத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அர்கம் கெட்ட மனிதர் அல்ல. இந்த மாணவிக்காகக் கூட்டங்களில் சண்டை பிடித்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தப் பெரிய முக்கோணம் வந்த தட்டுகள விட்டுட்டு மத்தத போடுவம், பாயிஸா. எண்ணிக்கை போதும்."

"அது சேத்துக்குள்ள ஈக்கிதே சேர்."

"யாரு தெல்தோட்டைக்குப் போய் விசாரிக்கப் போறா?"

"நான் விசாரிச்சிட்டனே."

அர்கம் நாற்காலியில் சாய்ந்தார். பாயிஸா ஆய்வேட்டின் பிரதியை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தார். "நேர்முகத் தேர்வு வேணாம் சேர். இந்தக் குளத்துல கோப்பி போய் தேயில வந்ததுலேருந்து எல்லாம் முழுசா ஈக்கி. நூத்தம்பது வருஷம். பொய் இல்லாம எழுதலாம். திரும்ப எண்ணுறன்."

"நூத்தம்பது வருஷத்துக் குளத்துக்குக் கலாநிதிப் பட்டம் குடுப்பாங்கன்டு நினைக்கிறீங்களா?"

பாயிஸா பையின் சிப்பை இழுத்து மூடி, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, அறையை விட்டு வெளியே போனார்.