இன்னொரு பைப் இறக்கு

நான் இயற்பியல் பட்டதாரி. பேய்க் கதை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை, நடந்தது நடந்ததுதான்.

என் கணவர் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். வண்டி மேலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து அவருக்கு விரல்கள் மடங்குவதில்லை. சேலத்தில் சிகிச்சை கொடுக்கும் பெண் அவர் முன்கையில் பேடுகளை ஒட்டி, லேசாகக் கரண்ட் விட்டு விரல்களை மடங்க வைப்பார். அதே நேரத்தில் கணவரும் மடக்க முயல வேண்டும். வீட்டில் செய்யச் சின்ன மெஷின் ஒன்றும் தந்தார்கள். அவர் கையில் சூடு பட்டாலும் தெரியாது என்பதால், தினமும் முதலில் என் வலது கையில் ஒட்டிச் சோதித்துவிட்டுத்தான் அவருக்கு வைப்பேன்.

இரண்டு மாதமாகியும், கரண்டை நிறுத்தினால் விரல் அசையவில்லை. "அந்தக் கைக்கு எதுக்குச் சாமி இத்தன ரோதனை? திருப்பிக் குடுத்துரு," என்றார் என் மாமியார். வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவதாக நானும் ஒப்புக்கொண்டேன்.

வியாழன் காலை பதினோரு மணி இருக்கும், என் கையில் ஒட்டி மெஷினைப் போட்டேன். எப்போதும் எல்லா விரலும் சேர்ந்து மடங்கும், அன்று ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நீண்டு நின்றன, மணிக்கட்டு இரண்டு முறை கீழே வெட்டியது. பேடை இடம் மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று பயந்து மெஷினை அணைத்தேன், வயரையும் பிடுங்கினேன். நம்பினால் நம்புங்கள், கை மறுபடியும் அதையே செய்தது.

கட்டிலில் கணவரின் முகம் வெளுத்திருந்தது. "ஏம்புள்ள, இத உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"எதுங்க மாமா?"

வண்டிச் சத்தத்தில் பேச்சு கேட்காது, கையால்தான் பேசிக்கொள்வார்களாம். "தண்ணி வரலீன்னு நிறுத்தாத, இன்னொரு பைப் எறக்கி ஆழமாப் போன்னு அர்த்தம். நானா உண்டாக்குனது. எங்க வண்டி ஆளுங்களத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

என்னிடம் அவர் அதைக் காட்டியதே இல்லை. நான் அந்த வண்டிப் பக்கம் போனதும் இல்லை.

காத்துக் கருப்பு வேலை என்று பயந்து, மெஷினை அன்றே வெளியே வைக்கச் சொன்னார் மாமியார். "முடியாதுங்க அத்தை. இன்னொரு பைப் எறக்கிப் பாக்கறேன்," என்றேன். அதுவரை அவர் சொல்லை நான் தட்டியதில்லை.

அதற்கு ஆறாவது வாரம், கரண்ட் இல்லாமல் அவருடைய ஆள்காட்டி விரல் மடங்கியது. இப்போது எங்கள் பாப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிறார். எல்லாம் சிகிச்சையின் பலன் என்கிறார் அந்தப் பெண், நானும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஆனால் அதே வாரம் தோசை திருப்பும்போது என் வலது கையின் அதே இரண்டு விரல்கள் கல்லில் பட்டன. கொப்புளம் வந்தது, வலிக்கவில்லை. இன்றும் அவற்றில் சூடு தெரிவதில்லை. நரம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர்.

இருக்கட்டும். மெஷினை நான் நிறுத்தப் போவதில்லை. சோதித்துப் பார்ப்பதை மட்டும் இடது கைக்கு மாற்றியிருக்கிறேன்.